மிதித்தலுக்கும் நகர்தலுக்கும் இடைப்பட்ட காலம்: ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

வலது கால் ஆக்சிலேட்டரை மிதிக்கிறது. கார் நகர்கிறது. இவ்விரு வினைகளுக்கும் நடுவே சிறிது காலம் கழிகிறது. அச்சிறு காலமே இவ்வாய்வின் பொருள். மிதித்தலை உடற்கல்வித் துறையும் நகர்தலை இயற்பியல் துறையும் முன்னமே பிடித்துக்கொண்டபடியால், நடுவில் கேட்பாரற்றுக் கிடந்த இடம் இவ்வாய்வாளருக்கு வாய்த்தது. நம் ஆய்வுலகில் தலைப்புகள் இவ்வாறே கிடைக்கின்றன என்பது அறிஞர் அறிந்ததே.

2. ஆய்வு எல்லை

2020 ஏப்ரல் முதல் நாள் தொடங்கி நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 மாசு விதிக்கு உட்பட்ட சிறிய பெட்ரோல் கார் மட்டும். டீசல் தனி ஆய்வுக்குரியது. மின்சாரக் காரில் இச்சிக்கல் பெரிதாக இல்லை. சிக்கல் இல்லாத இடத்தில் ஆய்வாளருக்கு வேலை இல்லை. எல்லையை இவ்வளவு சுருக்கியதற்கு முறையியல் காரணம் ஒன்று உண்டு: ஆய்வாளரிடம் இருப்பது அந்த ஒரு கார்தான்.

3. முன்னோர் ஆய்வுகள்

இத்துறையில் மூன்று மரபுகள் உள.

டீக்கடை மரபு: “பிக்கப் இல்ல சார்.”

ஒர்க்‌ஷாப் மரபு: “இப்ப வர்ற எல்லா வண்டியும் இப்படித்தான் சார்.”

மைத்துனர் மரபு: “இந்த வண்டி வேணாம்னு நான் அன்னிக்கே சொன்னேன் மாமா.”

முதல் மரபு நோயைச் சொல்கிறது. இரண்டாவது அதை இயல்பாக்குகிறது. மூன்றாவது பழியை நிறுவுகிறது. சான்றுகளைத் திரட்டிவிட்டு முடிவுக்கு வருவது முதலிரண்டின் வழக்கம். முடிவோடு வந்து அமர்வது மூன்றாவதன் வழக்கம். பல்கலைக்கழகங்கள் பெரிதும் பின்பற்றுவது இம்மூன்றாம் மரபையே.

அயல்நாட்டார் பங்களிப்பையும் மறைத்தல் கூடாது. டொயோட்டா கார்கள் தாமாகவே வேகமெடுக்கின்றன என்ற புகாரை ஆராய, அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2010-இல் நாசாவை அழைத்தது. பத்து மாத ஆய்வுக்குப்பின் 2011 பிப்ரவரியில் அறிக்கை வந்தது. மின்னணுக் கோளாறுதான் காரணம் என்பதற்குச் சான்று கிட்டவில்லை. எஞ்சிய இரு காரணங்கள்: மேலெழாமல் ஒட்டிக்கொள்ளும் மிதி, மிதியில் மாட்டிக்கொள்ளும் தரைவிரிப்பு. நிலவுக்கு ஆள் அனுப்பியவர்களும் கடைசியில் கால்மிதியில் வந்து நிற்க வேண்டியதாயிற்று. ஆக, நம் பொருள் சிறியதன்று என்க.

4. வரலாற்றுப் பின்புலம்

பழைய காரில் மிதிக்கும் எஞ்சினுக்கும் நடுவே ஒரு கேபிள் இருந்தது. மிதித்தால் அது இழுக்கும், இழுத்தால் காற்று வழியில் உள்ள பட்டர்ஃப்ளை வால்வு திறக்கும். மாருதி 800-ஐ ஓட்டிய தலைமுறை அந்தக் கேபிளை நினைத்து இன்றும் பெருமூச்சு விடுகிறது. ஆனால் கார்புரேட்டர் காலத்தில், காலையில் சோக்கை இழுத்துவிட்டுச் சட்டென்று மிதித்தால் வண்டி ஒருமுறை திணறிவிட்டுத்தான் கிளம்பும். அந்தத் திணறலைச் சமாளிக்கவே கார்புரேட்டருக்குள் கொஞ்சம் பெட்ரோலைப் பீய்ச்சியடிக்கும் சிறு பம்பு ஒன்றை வைத்திருந்தார்கள். பொற்காலத்திலும் தாமதம் இருந்தது. அதற்கு அப்போது ஆய்வாளர் இல்லை, அவ்வளவே.

1987-இல் வந்த பி.எம்.டபிள்யூவின் பன்னிரண்டு சிலிண்டர் 750 கார் கேபிளைத் துறந்து மின்கம்பிக்கு மாறியது. பிறகு பிற நிறுவனங்களும் மாறின. இக்கருவி பழந்தமிழரிடம் இருந்ததா என்னும் வினாவை இக்கட்டுரை எழுப்பவில்லை. எழுப்ப வேண்டியவர்கள் எழுப்புவார்கள்.

5. இயங்குமுறை

மிதியில் இரண்டு சென்சார்கள் உள்ளன. ஒன்றின் மின்னழுத்தம் மற்றதில் பாதியாக இருக்கும்படி பல கார்களில் அமைத்திருப்பார்கள்; ஒன்று பொய் சொன்னால் மற்றது காட்டிக்கொடுத்துவிடும். இரண்டும் முரண்பட்டால், எஞ்சினை ஆளும் கணினியாகிய ஈ.சி.யூ. அதன் ஆற்றலைக் குறைத்து, ஒர்க்‌ஷாப் வரை தவழ்ந்து போக மட்டும் அனுமதிக்கும். அறிஞர் இருவர் முரண்பட்டால் நாம் இருவருக்கும் விருது கொடுக்கிறோம். கருவி நம்மைவிடக் கறாரானது.

சென்சார் சொன்னதை ஈ.சி.யூ. வாங்கிக்கொள்கிறது. வால்வை உடனே திறப்பதில்லை. ‘இவருக்கு எவ்வளவு டார்க் தேவை? கியர் எது? கேட்டலிடிக் கன்வெர்டர் தாங்குமா? சக்கரம் வழுக்குகிறதா? ஏ.சி. ஓடுகிறதா?’ என்று கேட்டுவிட்டுப் பிறகுதான் வால்வின் மோட்டாருக்குச் சொல்கிறது. பழைய காரில் கால் ஆணையிட்டது. புதிய காரில் கால் மனுக் கொடுக்கிறது.

இங்கே ஒரு பெரும் பிழையைக் களைவது நம் கடன். மின்மோட்டார் மெதுவானது என்று மைத்துனர் மரபினர் கருதுவர். அது பொருந்தாது. மூடிய வால்வை ஏறத்தாழ முழுதும் திறக்க அந்த மோட்டாருக்குப் பத்தில் ஒரு நொடி அளவே போதும். தாமதம் இயலாமையால் வருவதன்று, வேண்டுமென்றே வைப்பது. காற்று திடுமென உள்ளே புகுந்தால் 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் என்ற கணக்குக் குலையும், புகைக் குழாயில் வேண்டாத வாயுக்கள் கூடும். கியர்ப்பற்களுக்கு இடையே உள்ள தளர்வு ஒரே அடியில் இறுகி வண்டி குலுங்கும். மென்பொருள் எழுதியவர் இவ்விரண்டையும் எண்ணி உங்கள் காலின் அவசரத்தை வடிகட்டியிருக்கிறார். (சான்று: கிளவ் பாக்ஸ் ஏடு, அதாவது ஓனர்ஸ் மேனுவல், பாலித்தீன் உறை இன்னும் பிரிக்கப்படாத மூலப்படி.)

6. தாமதத்தின் வகைகள்

அ) மிதித்தாமதம்: மேலே சொன்னது.

ஆ) டர்போத் தாமதம்: புகையின் விசையில் சுழலும் டர்போ வேகம் பிடிக்கும்வரை காத்திருத்தல். இதை முன்னதோடு குழப்புவோர் முதலாண்டு மாணவர்.

இ) கியர்த் தாமதம்: 2014-இல் மாருதி செலேரியோவோடு நம் நாட்டுக்கு வந்த, கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் ஏ.எம்.டி. கியர்பாக்ஸ், மாற்றும்போதெல்லாம் காரில் உள்ளவர் அனைவரையும் ஒருமுறை தலையாட்ட வைக்கும். ஆமோதிப்பு என்று கொள்ளற்க.

ஈ) விடுத்தாமதம்: காலை எடுத்தபின்னும் எஞ்சின் சற்று நேரம் உறுமிக்கொண்டே இருத்தல். இதுவும் மாசு விதியின் பொருட்டே. மிதித்தால் வராததும் விட்டால் போகாததும் ஒரே மென்பொருளின் இரு குணங்கள்.

உ) கால் தாமதம்: நரம்பிலும் தாமதம் உண்டு. தவளையின் நரம்பில் செய்தி நொடிக்கு ஏறத்தாழ 27 மீட்டர் வேகத்தில் செல்கிறது என்று ஜெர்மன் அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1850-இல் அளந்தார். அதை அளக்கவே இயலாது என்று கருதியவர் அவருடைய ஆசிரியர் முல்லர். நெறியாளர் முடியாது என்றதை மாணவர் முடித்துக்காட்டியும் பட்டத்துக்குக் கேடு வராத காலம் அது. முன்னே நிற்கும் லாரியின் பிரேக் விளக்கு அணைந்ததைக் கண்டு நம் கால் அசைய ஐந்தில் ஒரு நொடியாவது ஆகிறது. மோட்டாரைவிட மனிதர் மெது. இவ்வுண்மையை எந்தக் கார்க்காரரிடமும் சொல்லற்க.

7. முன்சாய்வு: ஒரு தனி ஆய்வு

மிதித்தும் நகராத இடைவெளியில் ஓட்டுநர் சும்மா இருப்பதில்லை. ஸ்டியரிங்கை இறுகப் பற்றுகிறார். முதுகை இருக்கையிலிருந்து பிரிக்கிறார். தாடையை முன்னே நீட்டுகிறார். இச்செயலுக்கு இதுவரை எவரும் பெயரிடாதது வியப்பே. இதை ‘முன்சாய்வு’ என்போம்.

முன்சாய்வு மூவகைப்படும். தலை மட்டும் சாய்தல் தலைச்சாய்வு. சிக்னலில் பச்சை விழும்போது காணலாம். தோளும் சேர்ந்து சாய்தல் தோள்சாய்வு. கத்திப்பாரா மேம்பாலத்தில் ஏறிப் பக்கத்து வரிசையில் புகும்போது நிகழ்வது. வயிறு ஸ்டியரிங்கைத் தொடும்வரை சாய்தல் முழுச்சாய்வு. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏதேனும் ஒன்றில், மேலிருந்து அரசுப் பேருந்து இறங்கும் வேளையில் மட்டும் தோன்றும்.

பின்னிருக்கையில் இருப்போரும் சேர்ந்து சாய்வது குடும்பச் சாய்வு. இதில் பாட்டிமார் “முருகா” என்பதையும் சேர்த்துக்கொள்வர். அது ஒலியா வினையா என்பதில் கருத்து வேற்றுமை உண்டு. ஒலியென்பர் முன்னிருக்கையார். வண்டி அதன்பின்தான் நகர்ந்தது என்று காட்டி வினையே என்பர் பின்னிருக்கையார்.

முன்சாய்வின் நோக்கம் யாது? உதவிக் கோட்பாட்டார், ஓட்டுநர் தம் உடல் எடையை முன்னே தந்து காரைத் தள்ளிவிடுகிறார் என்பர். (கிளவ் பாக்ஸ் ஏடு, ‘ஓட்டுநர் இருக்கை’ இயல், காப்பிக் கறைக்கு மேல் வரி.) வேண்டுதல் கோட்பாட்டார், இது டாஷ்போர்டில் ஒட்டியுள்ள பிள்ளையாரை நோக்கிய வணக்கமே என்பர். (பர்லியாறு டீக்கடை மரபு, வாய்மொழி, சொன்னவர் முகம் போண்டாச் சட்டிப் புகையில் தெரியவில்லை.) முறையீட்டுக் கோட்பாட்டார் இரண்டையும் மறுத்து, ஓட்டுநர் ஈ.சி.யூ.வின் காதருகே போய்ப் பேச முயல்கிறார் என்பர். (மேற்படி டீக்கடை, மேற்படி புகை, இரண்டாம் ஈடு போண்டா; இவ்விடத்தில் பாடபேதம் உண்டு. ‘பேச’ என்பது ‘ஏச’ என்றும் ஓதப்படும். கேட்டவர் ஹெல்மெட் அணிந்திருந்தார்.)

இம்மூவரும் நியூட்டனைக் கருதவில்லை. 1687-இல் அவர் அச்சேற்றிய மூன்றாம் விதிப்படி, காருக்குள் இருப்பவர் தம்மை முன்னே தள்ள வேண்டுமானால் காரைப் பின்னே தள்ளியாக வேண்டும். எனவே முன்சாய்வு காரை விரைவுபடுத்துவதில்லை. அணுவளவேனும் பின்னுக்கே தள்ளுகிறது. சாய்ந்தவர் உடல் நிற்கும்போது அந்தக் கணக்கு நேராகிவிடும். நிகர இலாபம் சுழி. இதை ஒரு கருத்தரங்கில் வாசித்தால் சான்றிதழும், காசு கட்டினால் ஐ.எஸ்.பி.என். எண் உள்ள தொகுப்பில் இடமும் கிடைக்கும். இரண்டையும் பெறுவதற்கு, நியூட்டனைப் படித்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

8. தீர்வுகள்

பெடல் பாக்ஸ்: மிதிக்கும் ஈ.சி.யூ.வுக்கும் நடுவில் செருகும் சிறு பெட்டி. காலால் மூன்றில் ஒரு பங்கு மிதித்தால் பாதிக்கு மேல் மிதித்ததாக ஈ.சி.யூ.விடம் சொல்லும். கார் சுறுசுறுப்பாகத் தோன்றும். ஒரு குதிரைத்திறனும் கூடாது. மிதியை முழுக்க அழுத்தினால் பெட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றே. ஆய்வேட்டில் எழுத்தளவைப் பெரிதாக்கிப் பக்கம் சேர்ப்போருக்கு இதன் தத்துவத்தை விளக்க வேண்டியதில்லை.

ஸ்போர்ட் மோடு: அதே பொய், கம்பெனியே சொல்வது, ஆகவே வாரன்டி உண்டு.

த்ராட்டில் பாடி கிளீனிங்: வால்வின் விளிம்பில் கரி படிந்திருந்தால் மெய்யாகவே பலன் தரும். துடைத்தபின் மூடிய நிலை எது, திறந்த நிலை எது என்று ஈ.சி.யூ.வுக்கு மறுபடி கற்பிக்க வேண்டும். இல்லையேல் ஐடிலிங் ஏறி இறங்கும்.

தரைவிரிப்பைச் சரிசெய்தல்: இலவசம். நாசாவின் ஒப்புதல் பெற்றது.

இரண்டு மிதியையும் ஒருசேர மிதித்தல்: கூடாது. பல புதிய கார்களில் பிரேக்கும் ஆக்சிலேட்டரும் சேர்ந்து வந்தால் பிரேக்கின் பேச்சே எடுபடும், எஞ்சின் அடங்கிவிடும். மேட்டில் இருகால் வித்தை காட்டிய பழைய ஓட்டுநர்கள் கைபிரேக்குக்குத் திரும்புக.

கியர் குறைத்தல்: முந்த நினைத்தபின் மிதிப்பதைவிட, நினைக்கும்போதே ஒரு கியர் இறக்கி எஞ்சினைச் சற்று விரைவாகச் சுழலவிடுவது. மேற்கண்ட அனைத்திலும் இதுவே மேலானது. செலவு இல்லாததால் எவரும் பரிந்துரைப்பதில்லை.

9. முடிவுகள்

ஒன்று: தாமதம் கோளாறன்று, கொள்கை. இரண்டு: அரை நொடி முன்னதாக மிதித்தால் தாமதம் அரை நொடி குறைந்ததாகவே தோன்றும். மூன்று: அரை நொடி முன்னதாக மிதிக்க, அரை நொடி முன்னதாகச் சாலையைப் பார்த்திருக்க வேண்டும். இதைச் சொல்ல இத்தனை பக்கம் தேவையில்லை என்போர் ஆய்வு முறையியலை அறியாதார்.

பின்னால் வரும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: நீங்கள் ஹார்ன் அடிப்பதால் முன்னே நிற்கும் காரின் வால்வு விரைந்து திறக்காது. அந்தச் செய்தியை வாங்கிக்கொள்ள ஈ.சி.யூ.வில் சென்சார் இல்லை.