மாவுப் பிள்ளைத்தமிழ்

“இன்னைக்கு என்ன டிபன்?” என்ற கேள்வியைச் சமைப்பவரிடம் கேட்பது ஆய்வு நெறிக்கு முரணானது. ஃபிரிட்ஜைத் திறந்து மாவு டப்பாவிடம் கேட்க வேண்டும். எந்த நாளில் எந்தப் பலகாரம் என்று தீர்மானிப்பது மாவின் வயது. கரண்டி பிடிப்பவர் அந்த உத்தரவில் கையெழுத்துப் போடுகிறார், அவ்வளவுதான். இவ்வாய்வின் கருதுகோள் இதுவே.

ஆய்வுக் களங்கள் மூன்று: திருப்பூரில் ஏழு பேர் உள்ள அண்ணன் வீடு, இருவர் மட்டும் வாழும் எங்கள் வீடு, வேளச்சேரியில் அக்கா மகன் தனியாகத் தங்கியிருக்கும் அறை. மூலப்பொருள் நான்கு பங்கு இட்லி அரிசி, ஒரு பங்கு உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். அக்கா மகன் மட்டும் கடையில் 1 கிலோ பாக்கெட் வாங்குகிறான். அந்த மாவின் பிறந்த நேரம் தெரியாததால் ஜாதகம் கணிப்பதில் சிக்கல் உண்டு.

பிள்ளைத்தமிழுக்குப் பத்துப் பருவங்கள். மாவுக்கும் ஏறக்குறைய அவ்வளவே. உப்புப் போட்டுக் கையால் கலக்கி, பொங்கி வழிந்தால் தாங்க அடியில் ஒரு தட்டு வைப்பது காப்புப் பருவம். இரவில் லூக்கோனோஸ்டாக் மெசென்டராய்ட்ஸ் என்ற நுண்ணுயிரி விடுகிற கரியமில வாயுவால் மாவு தலைதூக்குவது செங்கீரை. சென்னை மே மாதத்தில் விடிவதற்குள் மேடையெல்லாம் தவழ்ந்துவிடும். பெங்களூரு டிசம்பரில் போர்வை சுற்றினாலும் எழாது. பிறகு ஃபிரிட்ஜில் வைத்துத் தூங்கப்பண்ணுவது தால். இங்கே ஒரு மரபு மீறல்: இலக்கணப்படி ஏழாவதாக வரவேண்டிய அம்புலி, இட்லி வடிவில் முதல் நாள் காலையிலேயே தட்டில் இறங்கிவிடுகிறது. அம்புலி பாடுவதுதான் புலவர்களுக்குக் கடினம் என்பார்கள். இட்லி ஊற்றுகிறவர்களும் மறுக்க மாட்டார்கள். ஒன்று நிலவாக வரும், இல்லையென்றால் கல்லாக வரும்.

இரண்டாம், மூன்றாம் நாள் தோசை. நான்காம் நாள் புளிப்பை மறைக்க வெங்காயமும் பச்சை மிளகாயும் வந்தால் ஊத்தப்பம். ஐந்தாம் நாள் குழிப்பணியாரம். ஆறாம் நாள் ரவையும் கொஞ்சம் மைதாவும் சேர்த்து எண்ணெயில் போட்டால் போண்டா. விருந்தாளி வந்தால் இதை ‘உங்களுக்காகத்தான் செஞ்சேன்’ என்று பரிமாறுவது மரபு.

களப்பணியில் கிடைத்த முக்கிய விதி: மாவின் ஆயுள் வீட்டின் ஆள் எண்ணிக்கைக்கு எதிர்விகிதத்தில் அமையும். “எங்கூட்டுல மாவு புளிச்சு நான் பாத்ததே இல்லீங்க தம்பி” என்றார் அண்ணி. அங்கே மாவு அற்பாயுசு. இரண்டாம் நாள் இரவே பாத்திரத்தை வழித்து, அலசிய தண்ணீரிலும் ஒரு தோசை ஊற்றியாகிவிடும். வேளச்சேரி மாவோ சதாபிஷேகம் காண்கிறது. “மாமா, ஒன்பதாவது நாள். லேசா பிங்க் கலர்ல இருக்கு, ஊத்தப்பம் போடலாமா?” என்று படம் அனுப்பினான். பூஞ்சை என்பது பருவம் அல்ல, கொட்டிவிடு என்று பதில் போட்டேன்.

‘சுலபமான சாப்பாடு’ என்று இதைச் சொல்வதிலும் எனக்கு ஓர் ஆட்சேபம் உண்டு. ஆட்டுக்கல் காலத்தில் பல வீடுகளில் இட்லி என்பது தீபாவளிப் பலகாரம். கோயம்புத்தூர் வெட் கிரைண்டர் வந்து (அதற்குப் புவிசார் குறியீடே உண்டு), ஃபிரிட்ஜும் வந்த பிறகுதான் மாவுக்கு நான்காம் நாள் என்று ஒன்று ஏற்பட்டது. வாரம் முழுக்கப் பத்து நிமிடத்தில் டிபன் தயார் என்கிறோம். சனிக்கிழமை அரிசி களைந்து, ஊறவைத்து, அரைத்து, குழவியைக் கழுவிக் கவிழ்த்தவர் கணக்கில் அந்த நிமிடங்கள் ஏற்கெனவே பற்று எழுதப்பட்டுவிட்டன. ஆய்வாளர்கள் அந்த நேரத்தில் பெரும்பாலும் செய்தித்தாள் படித்துக்கொண்டிருக்கிறார்கள். இந்த ஆய்வாளரும்தான்.

மேலும் எழுத இருந்தேன். ஆறாம் நாள் டப்பாவில் ஒரு கரண்டி மட்டும் மிச்சம். அதைப் புது மாவில் கலந்தால் சீக்கிரம் பொங்கும் என்பதால், மறுபிறவிக் கொள்கை பற்றித் தனி இயலே தேவைப்பட்டது. அதற்குள் சமையலறையிலிருந்து குரல்: “ஏங்க, இன்னைக்கு சனிக்கிழமை. உளுந்து ஊறப்போட்டாச்சா?”