புதுமுக நாளும் பிளாஸ்டிக் வாளியும்: ஓர் ஆய்வு

முன்னுரை

பல்கலைக்கழகப் பதிவு நாளைப் பற்றிப் பேசுகிறவர்கள் துணைவேந்தர் உரையைப் பேசுவார்கள், வரிசையின் நீளத்தைப் பேசுவார்கள். கார் கதவைத் திறந்ததும் முதலில் இறங்கும் வாளியை மட்டும் அறிஞர் உலகம் இன்றுவரை கண்டுகொள்ளவில்லை. அக்குறையைப் போக்கவே இச்சிற்றாய்வு.

களம்

மலேசியாவின் பேராக் மாநிலத் தென்கோடியில் உள்ள தஞ்சோங் மாலிம். 1922-இல் மலாய் ஆசிரியர்களுக்கான பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கி, 1997-இல் சுல்தான் இட்ரிஸ் கல்விப் பல்கலைக்கழகமாக உயர்ந்த இடம். தமிழாசிரியராக விரும்பும் பிள்ளைகளும் இன்று இங்கே வருகிறார்கள். பதிவு நாளில் ஈப்போ, சுங்கை சிப்புட் பக்கமிருந்து 'ஏ' எழுத்துப் பலகையோடு மைவி, சாகா கார்கள் வந்து நிற்கும். ஒரு மாணவிக்கு ஒரு கார். அந்தக் காரில் அம்மா, அப்பா, பாட்டி, மாமா, இவர்களுக்கு நடுவே மடியில் வாளி. ஒப்பீட்டுக்காகக் கம்பாரையும் பார்த்தோம். பழைய ஈயச் சுரங்க நிலத்தில் 2007-இல் திறக்கப்பட்ட துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழக வளாகம் அது. பாடத்திட்டம் வேறு, கட்டணம் வேறு. வாளி அதே வாளிதான்.

அடுக்காய்வு

அகழாய்வு முறைப்படி மேலிருந்து கீழாக ஒரு வாளியைத் தோண்டியபோது கிடைத்தவை: முதல் அடுக்கில் விபூதிப் பொட்டலமும் கல்லுமலை முருகன் படமும். அடுத்து முறுக்கு டின், மைலோ, மெகி. அதற்கும் கீழே இட்லிப்பொடி. ஹாஸ்டலில் இட்லி எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு அம்மா பதில் வைத்திருக்கவில்லை. அடித்தளத்தில் சோப்பு, துணி கிளிப்பு, கொடி கட்ட நைலான் கயிறு. மூடி மட்டும் எந்த அடுக்கிலும் அகப்படவில்லை.

வரலாற்றுப் பின்னணி

1877-இல் குவாலா கங்சாரில் ஹியூ லோ ரப்பர்க் கன்றுகளை நட்டார். அதன் விளைவாகப் பின்னாளில் இம்மாநிலத்துத் தமிழர் கைக்கு வாளி வந்தது. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும் என்பதால் விடியுமுன்பே மரம் சீவி, மங்கில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து, கம்பின் இரு முனையிலும் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து, தோட்டக் கணக்கரான கிராணி நிறுக்கும் இடத்துக்குப் போனார்கள். அந்த வாளிக்கும் இந்த வாளிக்கும் இரத்த உறவு உண்டென்று நிறுவ ஆய்வாளருக்கு ஆசைதான். தடை இரண்டு: அது உலோகம், இது பிளாஸ்டிக். அதை நிறுத்துக் கூலி போட்டார்கள். இதை யாரும் நிறுப்பதில்லை, அதனால்தான் இவ்வளவு கனம்.

மறுப்பும் விடையும்

"ஹாஸ்டலில் ஷவர் இருக்கிறதே, காசு போட்டால் ஓடும் துணி மெஷினும் இருக்கிறதே, வாளி எதற்கு?" என்பது எதிர்க்கட்சி வாதம். இதைக் காரிலேயே மாணவி எழுப்பினாள். "சொட்டு சொட்டா ஊத்துறதுல எப்படிம்மா தலை முழுகுவ?" என்று பாட்டி தீர்ப்பளித்தார். வாதம் முடிந்தது.

ஆயினும் உண்மைக் காரணம் வேறு. கழுத்துப் பட்டை, டீ-சட்டை, கால அட்டவணை, கோப்பு எல்லாவற்றையும் பல்கலைக்கழகமே கொடுத்துவிடுகிறது. கல்விக் கடன் பாரத்தையும் பிள்ளையே கைப்பேசியில் நிரப்பிவிடுகிறது. பல்கலைக்கழகப் படி ஏறாத பெற்றோருக்குச் செய்ய மிச்சமிருப்பது ஒன்று: ஒரு வாளியை நிரப்புவது. அதைக் குறைவில்லாமல் செய்கிறார்கள்.

முக்கியக் கண்டுபிடிப்பு

புறப்படும் முன் அப்பா, மார்க்கர் பேனாவால் வாளியின் வயிற்றில் மகள் பெயரைத் தமிழில் எழுதுகிறார். "தமிழ்ல எழுதினா எவனும் எடுக்க மாட்டான்" என்பது அவர் கணக்கு. கணக்கு தப்பியது. அன்று மாலை மண்டபத்தில் ஃபாசிகள் எனப்படும் வழிநடத்துநர்கள் கைதட்டச் சொல்லி, பாட்டுப் பாடச் சொல்லி, ஒருவரை ஒருவருக்கு அறிமுகப்படுத்த முயன்றார்கள். மாணவி வாய் திறக்கவில்லை. இரவு குளியலறை வாசலில் ஒரு சீனியர் அந்த எழுத்தைப் படித்துவிட்டு நின்றார்.

"எந்த ஊரும்மா நீ?"

"சுங்கை சிப்புட்க்கா."

"தோட்டமா, டவுனா?"

"முன்ன தோட்டம். இப்ப தாமான்."

அடுத்த நொடி முறுக்கு டின் திறந்தது. நாள் முழுக்க நடந்த நிகழ்ச்சிகளில் புதுமுகத்துக்கு வழி காட்டியது இந்த ஒன்றுதான்.

பரிந்துரை

பதிவுக்குக் கொண்டுவர வேண்டியவற்றின் பட்டியலில், மருத்துவ அறிக்கைக்கு அடுத்தபடியாக, பெயர் எழுதிய வாளி ஒன்றைச் சேர்க்கலாம். வரவேற்புரையைப் பாதியாகக் குறைத்து, மீதி நேரத்துக்குக் குளியலறை வரிசையை நீட்டலாம். மூடி எங்கே போகிறது என்பது தனி ஆய்வுக்குரியது. மானியம் கிடைத்தால் தொடங்கலாம்.