ஃபேசிட் சார்

சென்ட்ரலுக்கு இன்னும் இரண்டே கிலோமீட்டர் என்கிற இடத்தில் ரயில் நின்றுவிடும். பேசின் பிரிட்ஜ் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு இதுதான் ஞாபகம்: பெட்டியை இறக்கி, செருப்பை மாட்டி, கதவோரம் வரிசைகட்டி, அப்படியே நிற்பது. யார்டு ஓரத்தில் குடியிருக்கும் எங்களுக்கு, மொட்டைமாடியிலிருந்து அந்த ரயிலையே பார்த்துக்கொண்டிருக்கும் ஃபேசிட் சாரும் ஞாபகத்துக்கு வருவார். அவர் மடியில் அம்மிக்கல் கனத்தில் ஒரு ஃபேசிட் கணக்கு மெஷின் இருக்கும்.

"இருபத்தஞ்சு நிமிஷமா நிக்குது தம்பி. ரெண்டு கிலோமீட்டர். என்ன வேகம்னு பாத்துடலாமா?"

நான் வேண்டாம் என்று சொல்லி எதுவும் நின்றதில்லை. இரண்டை அறுபது நிமிஷத்தால் பெருக்கி, 120ஐத் தட்டிக் கைப்பிடியை ஒரு சுற்று முன்னால் விட்டார். அதை அழித்துவிட்டு 25. இனிமேல் கைப்பிடி பின்னால் போகும். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஐந்தாவது சுற்றில் 'டிங்!' இல்லாத இடத்தில் கழித்துவிட்டாய் என்று மெஷின் அதட்டுகிறது. ஒரு சுற்று முன்னால் விட்டுச் சமாதானம் செய்து, ஓர் இடம் நகர்த்தி, மறுபடி எட்டுச் சுற்று. மீதி சைபர்.

"4.8! இறங்கி நடந்தாலே போய்ச் சேர்ந்துடலாம்!"

விடையை மொபைலில் முன்னாடியே பார்த்து வைத்திருந்தார் என்பது எனக்குத் தெரியும். ஸ்டூலுக்கடியில் அது இன்னும் வெளிச்சமாக இருந்தது.

தபால்தலை சேர்ப்பவரைக் கூப்பிட்டு மேடையேற்றுகிறார்கள். கணக்கு மெஷின் சேர்ப்பவருக்கு வீட்டிலேயே இடமில்லை. ஊருக்கு ஒன்றிரண்டு பேர்தான் தேறுவார்கள். பெரும்பாலும் ஏதோ ஓர் ஆபீசில் கணக்குப் பிரிவில் இருந்து ரிடையர் ஆனவர்கள். சட்டைக் கையில் தையல் மெஷின் எண்ணெய்க் கறை இருந்தால் ஆள் அவர்தான். (தேங்காய் எண்ணெய் விட்டவர்களை இவர்கள் மன்னிப்பதில்லை. அது உள்ளே பிசினாகிப் பல்சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும்.) 1985ல் பழைய பொருள்களுக்குப் பேர்போன சென்னை மூர் மார்க்கெட் எரிந்ததைச் சொந்த வீடு எரிந்ததுபோல் சொல்வார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சார் காயலான் கடைக்குப் போகும்போது துணைக்குப் போயிருக்கிறேன். உள்ளே நுழைந்ததும் ஃபேன் ரெக்கையையும் குழாய் முனையையும் பார்ப்பார். ஃபேசிட் இருக்கும் மூலையை மட்டும் பார்க்கவே மாட்டார். கடைக்காரன் விடுவானா?

"இன்னா சார், இத்தயே பாக்காம பாக்குறியே. கரும்பு ஜூஸு பிழியப் போறியா?"

"சும்மா, பேரன் விளையாட."

இரும்பு விலைக்கு எடை போட்டுத் தர இருந்தவன்தான். சார் கைப்பிடியை ஒரே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கண்ணை மூடினார். அவ்வளவுதான், "ஆன்டிக்கு சார்" என்றான் அவன்.

வீட்டில் இது பதினொன்றாவது. அரிசி டிரம்முக்குப் பின்னால் நான்கு, பீரோவுக்கு மேல் மூன்று, மீதி எங்கே என்று வீட்டம்மாவுக்குத் தெரியாது என்பது சாரின் நம்பிக்கை. எல்லாவற்றுக்கும் சரித்திரம் உண்டு. ஸ்வீடனில் ஓட்விடாபெரி என்கிற சின்ன ஊர்; 1932ல் பத்தே பொத்தானில் ஃபேசிட் மெஷின்; பிறகு நம் பெருங்குடியிலேயே ஃபேசிட் டைப்ரைட்டர் ஆலை. ஜப்பான்காரனின் எலக்ட்ரானிக் கால்குலேட்டர் வந்து எல்லாவற்றையும் கெடுத்தது. 1973ல் ஃபேசிட்டை எலக்ட்ரோலக்ஸ் வாங்கிக்கொண்டதைச் சொல்லும்போது, "போயும் போயும் ஃபிரிட்ஜ் கம்பெனிக்கு" என்பார், பெண்ணைச் சரியில்லாத இடத்தில் கொடுத்த குரலில். பர்ஸில் மனைவி போட்டோவுக்குப் பின்னால் குர்ட்டாவின் படம் ஒன்று உண்டு. மிளகு அரைக்கும் குடுவை போலக் கைக்குள் அடங்கும் மெஷின். ஹெர்ட்ஸ்டார்க் என்பவர் நாஜி முகாமில் அடைபட்டிருந்தபோது வரைந்து முடித்தது. விலையைக் கேட்டுவிட்டுப் படத்தோடு நிறுத்திக்கொண்டார்.

எங்கள் குடியிருப்பில் 99 வீடு, சந்தா 250. செயலாளர் மொபைலை எடுப்பதற்குள், "இருங்க இருங்க!" என்றார் சார். 99 முறை கூட்டுவதா என்று நாங்கள் பயந்தோம். நூறாம் இடத்தில் ஒரு சுற்று முன்னால், ஒன்றாம் இடத்தில் ஒரு சுற்று பின்னால். 24,750. இரண்டே சுற்று! அன்று அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். மெஷினைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி இறங்கி வந்த நேரத்தைச் செயலாளர் கணக்கில் சேர்த்ததுதான் கொஞ்சம் அநாகரிகம்.

அவருக்கு ஒரே எதிரி பேரன். அபாகஸ் கிளாஸ் போகிறான். மேலே ஒரு மணி, கீழே நான்கு மணி என்று ஜப்பான் மணிச்சட்டம். இப்போது சட்டம்கூட வேண்டாம்; காற்றில் விரலைச் சொடுக்கி விடை சொல்கிறான். தாத்தா இரண்டாவது எண்ணைத் தட்டும்போதே அவன் டிவி பக்கம் திரும்பிவிடுவான். 1946ல் டோக்கியோவில் மணிச்சட்டத்துக்கும் மின்சாரக் கணக்கு மெஷினுக்கும் போட்டி வைத்ததில், மணிச்சட்டம் நாலுக்கு ஒன்று என்று ஜெயித்தது. இந்தச் சரித்திரத்தை மட்டும் சார் வீட்டில் சொன்னதில்லை. கிளாஸில் சொல்லிவிட்டார்கள்.

போன வாரம் மாடியில் பேரன் கேட்டான்: "தாத்தா, அஞ்சை சைபரால வகுங்க பாக்கலாம்."

"மொபைல்ல போட்டா வராதுன்னு கையை விரிச்சுடும்டா. இது அப்படி இல்ல, முயற்சி பண்ணும்."

5ஐ ஏற்றினார். அழித்தார். தட்ட வேறு எண் இல்லை. பின்னால் சுற்ற ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு, மூன்று. ஐந்து அப்படியே நின்றது. இருபதில் பேரன் சாப்பிடக் கீழே போய்விட்டான். எதிரே ஏதோ ஒரு எக்ஸ்பிரஸ், கதவோரம் பெட்டியோடு ஜனங்கள். நான் இறங்கும்போது சார் அறுபதைத் தாண்டி வாய்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். மணி அடிக்கவில்லை. ரயிலும் நகரவில்லை.