ஜெர்சி மாமா

டில்லி கிட்வாய் நகரில் ஜெர்சி மாமா இல்லாத பிளாக்கைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மத்திய சர்க்காரில் ஃபைல் பார்த்தே தலை நரைத்து ரிடையர் ஆனவர். மகள் மினிஸ்ட்ரியில் அதிகாரி. அவள் பேரில் வந்த குவார்ட்டர்ஸில்தான் வாசம். மகன் நியூ ஜெர்சியில். விசிட்டர் விசாவில் போனால் ஆறு மாதத்துக்கு ஒரு நாள் குறையாமல் இருந்துவிட்டு, வைட்டமின் மாத்திரை டப்பாக்கள், ஒரு பேஸ்பால் தொப்பி, அமெரிக்கச் சாப்பாடு பற்றி அசைக்க முடியாத அபிப்பிராயங்கள் சகிதம் திரும்புவார்.

அபிப்பிராயம் சொல்ல ஆள் வேண்டுமே! அந்தப் பஞ்சம் இந்தப் பேட்டைக்குக் கிடையாது. பக்கத்தில் எய்ம்ஸ். ஷாஜகான் ரோட்டில் யூ.பி.எஸ்.சி. யாராவது ஒருவர் ஊரிலிருந்து வந்துகொண்டே இருப்பார். இந்த முறை வந்திருப்பது தங்கை பிள்ளை, கும்பகோணம், இன்டர்வியூ. அவன் ஆசையெல்லாம் ஐ.என்.ஏ. மார்க்கெட் மலையாளி ஹோட்டலில் நாலு பரோட்டா, அப்புறம் தில்லி ஹாட்டை ஒரு சுற்று. மாமா விடுவாரா?

"டேய், அதெல்லாம் நடந்தே போற தூரம். உன்னை இன்னிக்கு அமெரிக்காவுக்கே அழைச்சுண்டு போறேன். ஆட்டோல."

ஆட்டோ நிற்பது லோதி ரோடு இந்தியா ஹாபிடாட் சென்டரில். உள்ளே இருக்கிறது ஆல் அமெரிக்கன் டைனர். சிவப்பு இருக்கைகள், கவுண்டர் ஓரமாக உயர ஸ்டூல்கள், ஜூக்பாக்ஸ். சென்ற நூற்றாண்டின் நடுவில் பிடித்த ஹாலிவுட் படத்துக்குப் போட்ட செட் மாதிரி ஜோடனை. அந்த வளாகத்தில் உறுப்பினர் அட்டை இல்லாமல் நுழைய முடியாத உணவகங்களும் உண்டு. டைனருக்கு அட்டை வேண்டாம். மாமாவின் அமெரிக்கப் பற்றில் இதற்கும் ஒரு பங்கு இருக்கலாம்.

உட்கார்ந்ததும் பிரசங்கம். 1872-இல் ரோட் ஐலண்ட் மாநிலத்துப் பிராவிடன்ஸ் நகரில் வால்டர் ஸ்காட் என்பவர், பத்திரிகை ஆபீஸில் ராத்திரி ஷிப்ட் பார்க்கிறவர்களுக்குக் குதிரை வண்டியில் சாப்பாடு விற்றார். டைனரின் பூர்வோத்தரம் அங்கே தொடங்குகிறது. பிற்பாடு ரயில் பெட்டி மாதிரி கடையையே தொழிற்சாலையில் செய்து, அப்படியே கொண்டுபோய் இறக்கினார்கள்.

"அப்போ கையேந்தி பவன்தானே மாமா?" என்கிறான் பையன்.

மாமா பதில் சொல்லாமல் மெனுவை எடுத்துக்கொள்கிறார். பையன் சொன்னதில் தப்பில்லை. அமெரிக்காவில் லாரி டிரைவரும் நர்ஸும் அவசரமாகச் சாப்பிட்டுவிட்டுப் போகிற இடம், டில்லிக்கு வந்ததும் தலை வாரி, சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போகிற இடமாகிவிட்டது.

முட்டைப் பக்கம் வந்ததும் மாமாவுக்கு உற்சாகம் பிறக்கிறது. சன்னி சைட் அப், ஓவர் ஈஸி, ஓவர் ஹார்ட், போச்டு என்று மூச்சு விடாமல் ஒப்பிக்கிறார். சைவர், இதில் ஒன்றும் அவர் வாய்க்குள் போனதில்லை, பெயர்கள் வெளியே வருவதோடு சரி. பான்கேக் மட்டும் விதிவிலக்கு. அதிலும் முட்டை உண்டே என்றால், "கண்ணுக்குத் தெரியலையே" என்பார். கணக்குத் தணிக்கையில் இப்படி ஒரு பதில் வந்திருந்தால் மாமா விட்டிருக்க மாட்டார்.

பான்கேக் வருகிறது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, உச்சியில் உருகத் தொடங்கிய வெண்ணெய், பக்கத்தில் மேப்பிள் சிரப். பையன் சிரப்பைத் தொடவில்லை. சட்னி எப்போது வரும் என்று சமையலறைக் கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறான். ஹாஷ் பிரௌன் வந்ததும் மாமா விளக்குகிறார்: "உருளைக்கிழங்கைத் துருவி, கல்லுல போட்டு அழுத்தி விட்டுடணும். ஒரு பக்கம் செவக்கற வரைக்கும் தொடவே கூடாது."

"ஆத்துல ரோஸ்ட் பண்றச்சே கரண்டியைப் பிடுங்கிக் கிளறிண்டே இருக்கறது யாராம்?" என்கிறாள் கூடவே வந்திருக்கும் மாமி.

மாமாவின் முதல் அமெரிக்கா ஜெர்சி இல்லை, கன்னாட் பிளேஸ் நிருலாஸ். நல்ல மார்க் வாங்கிய பிள்ளைகள் ரிப்போர்ட் கார்டைக் காட்டினால் அந்த நாளில் அங்கே ஐஸ்கிரீம் இலவசம். இன்று ஜெர்சியில் இருக்கும் மகன் அப்படித்தான் வளர்ந்தான். 1996-இல் வசந்த் விஹாரில் நாட்டின் முதல் மெக்டொனால்ட்ஸ் திறந்து, மாட்டிறைச்சிக்குப் பதிலாக ஆட்டிறைச்சியில் மகாராஜா மேக் விற்றபோது, சைவ மாமாவும் வரிசையில் நின்றார். பிரெஞ்சு ஃபிரைஸோடு திரும்பினார்.

இத்தனை தெரிந்த மாமா ஒரு அமெரிக்கரை மட்டும் கவனித்ததே இல்லை. ஹாபிடாட் சென்டரைக் கட்டிய ஜோசப் ஆலன் ஸ்டைன், நெப்ராஸ்கா மாநிலத்து ஒமஹாக்காரர். 1952-இல் கல்கத்தா பக்கம் கட்டடக்கலை சொல்லிக்கொடுக்க வந்தவர், இந்த நாட்டிலேயே தங்கிவிட்டார். முற்றங்களுக்கு மேலே வெயிலை வடிகட்டும் நீலப் பலகைகள் அவர் வேலை. பையன் அதைத்தான் அண்ணாந்து பார்த்துக்கொண்டு வந்தான். அதே 1952-இல்தான் ரஃபி அகமது கிட்வாய் மத்திய உணவு மந்திரியானார். சென்னையில் ராஜாஜி அரிசிக் கட்டுப்பாட்டை எடுத்தபோது துணை நின்றவர். தெருவுக்குத் தெரு அவர் பெயரைப் படித்துக்கொண்டு வசிக்கிற மாமாவுக்கு வால்டர் ஸ்காட்டைத்தான் தெரியும்.

சர்வர் வந்து, "வேறென்ன வேணும் சார்?" என்று ஹிந்தியில் பணிவாகக் கேட்கிறார். மாமா முகம் சுண்டிவிடுகிறது. "அங்கெல்லாம் 'ஹனி'ன்னுதான் கூப்பிடுவா. அந்த ஒட்டுதல் இங்க வராது."

பில் வந்ததும் கண்ணாடி மாறுகிறது. ஜி.எஸ்.டி. கூட்டல் சரியா? சர்வீஸ் சார்ஜ் எங்காவது ஒளிந்திருக்கிறதா? அதைக் கட்டாயமாக வாங்கக் கூடாது என்ற 2022 நெறிமுறையும், அதை 2025 மார்ச்சில் டில்லி ஹைகோர்ட் உறுதி செய்ததும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். ஜெர்சியில் டிப்ஸ் இருபது சதவீதம் என்று அரைமணி நேரமாகப் புகழ்ந்தவர், ஒரு ஐம்பது ரூபாய் நோட்டை எடுத்து, மடித்து, மறுபடி பிரித்து, மாமியைப் பார்க்கிறார். மாமி வைத்துவிட்டு வருகிறாள்.

வாசலில் மாமா ஆட்டோக்காரரோடு மீட்டருக்காக மன்றாடிக்கொண்டிருக்கும்போது, மாமி மெதுவாகச் சொல்கிறாள்: "அங்க ஒருத்தி இவரை ஹனின்னு கூப்பிட்டாளோ இல்லையோ, ரெண்டு நாள் பேச்சே இல்லை. 'நான் யாருன்னு தெரியுமா, ரிடையர்டு டெபுடி செக்ரெட்டரி'ன்னு பிள்ளைகிட்டே குதிச்சார். அப்பறம் ஆறு மாசமும் ஓக் ட்ரீ ரோடு நம்மூர்க் கடை இட்லிதான்."

"பரோட்டாக் கடை எத்தனை மணி வரைக்கும் மாமி திறந்திருக்கும்?" என்கிறான் பையன்.