கடலுக்கு வேலி போடப் போற மருமகனுக்கு

மருமகனே, மாரவிலப் பக்கம் கடலைப் பார்த்தாப்ல காணி வாங்கிட்டேன்னு உங்க அத்தை வாயால கேள்விப்பட்டேன். சந்தோஷம். லயத்துக் காம்பராவுல பொறந்த பய கடலையே வாசலா வச்சுக்கப் போறான்னா யாருக்குத்தான் கசக்கும்? அலையை நிப்பாட்ட நெட்டுக்குத்தா ஒரு சுவர், சுவருக்குப் பின்னால புல்லுத் தரை, முன்னால படகு கட்ட ஜெட்டி, அதுவும் கிறிஸ்மஸுக்கு முன்னாடின்னு பிளான் போட்டாச்சாமே! படகு எப்ப வாங்குற? காசல்ரீ அணைக்கட்டு மேல நடக்கவே கண்ணை மூடிக்கிற ஆளாச்சே நீ, அதான் கேட்டேன்.

நம்ம வம்சத்துக்கு ஜெட்டி ஒண்ணும் புதுசில்ல. 1914ல தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் கப்பல் ஓட ஆரம்பிச்சதுல இருந்து நம்ம சனம் எத்தனையோ பேர் அந்தத் தலைமன்னார் இறங்குதுறையில காலை வச்சுத்தான் இந்த மலைக்கு வந்தாங்க. 1964 டிசம்பர்ல அடிச்ச புயல் தனுஷ்கோடியையே வழிச்சு எடுத்துட்டுப் போச்சு. கடல்ல கட்டுறதும் அம்புட்டு லேசில்ல. கொழும்புத் துறைமுகத்து அலைதாங்கிக்கு 1875ல இங்கிலாந்து இளவரசரே வந்து கல்லு வச்சாரு. ஜான் கூட்னு பெரிய எஞ்சினியர் பார்த்துக் கட்டியும் முடிய 1885 ஆயிருச்சு. நீ கிறிஸ்மஸுக்குள்ள முடிச்சிருவேங்குற. முடிப்பே, முடிப்பே.

டிக்கோயாவுல கம்பளிக்குள்ள சுருண்டு கிடக்குற கிழவனுக்குக் கடலைப் பத்தி என்னா தெரியும்னுதானே நினைக்கிற? கடல் தெரியாது. தண்ணி தெரியும். தோட்டத்துல கான் வெட்டுனவன், சரிவுல கல்லுக்கட்டு கட்டுனவன் நான். சாந்து இல்லாம அடுக்குன பழைய கல்லுக்கட்டு இன்னமும் தேயிலைக்கு அடியில நிக்குது. ஒரு ஓட்டை விடாம சீமெந்து பூசி அழகு பார்த்த சுவர்தான் நாலு நாள் அடைமழைக்கு வயித்தைத் தள்ளிக்கிட்டு லயத்துப் பக்கம் சாயும். உள்ள ஊறுன தண்ணிக்கு வழி விடலேன்னா சுவரையே தள்ளிட்டு வழி பண்ணிக்கும்.

உன் கடற்சுவரும் அப்படித்தான். அலை மேல ஏறி விழும், மழை பெய்யும், உன் புல்லுத் தரைக்கு அடியில மண்ணு ஊறும். அலை பின்வாங்குற நேரம் பார்த்து முன்பக்கம் முட்டுக்கு ஆளில்ல. பின்பக்கத்துத் தண்ணி சுவரைக் கடலுக்குத் தள்ளும். அதுக்குத்தான் சுவர்ல வடிகுழாய் வைக்கிறது. குழாய் மட்டும் வச்சா தண்ணியோட மண்ணும் போயிரும். ஒரு நாள் காலையில கதிரையோட நீ பள்ளத்துல இருப்பே. பின்னால வடிகட்டுற துணி விரிச்சு, சல்லி போட்டு, அப்புறம்தான் மண்ணு.

அடியைக் கேளு. நெட்டுக்குத்துச் சுவர்ல மோதுற அலை கும்பிடு போட்டுட்டுப் போகாது. திரும்புறப்போ சுவரோட காலடி மணலைக் கரண்டிட்டுப் போகும். சுவர் ஒசந்து நிக்கும், கால் அந்தரத்துல தொங்கும். அதனாலதான் விவரம் தெரிஞ்சவன் சரிவாக் கல்லு அடுக்குறான். கீழ துணி, அதுக்கு மேல சின்னக் கல்லு, மேல ஆள் அசைக்க முடியாத பாறை. சந்து இருக்கணும். சந்துக்குள்ள புகுந்து புகுந்து அலைக்கு மூச்சு வாங்கும். நீதான் வழவழன்னு டைல்ஸ் ஒட்டப் போறியே, அலைக்கு வழுக்கும்னு நினைக்கிறியா?

மேசன் கடற்கரை மணலைப் போட்டா லாபம்னு சொல்றானாம். அள்ளிப் போடு. உப்பு உள்ள போய்க் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துருப்பிடிச்ச இரும்பு பருத்துக் கொங்கிரீட்டை வெடிக்க வைக்கும். ஜெட்டிக்கு மரத்தூண் வச்சா அதைக் குடைஞ்சு தின்னவே கடல்ல ஒரு பூச்சி இருக்கு. அதுவும் பொழைக்க வேணாமா?

இம்புட்டும் சரியாச் செஞ்சாலும் பக்கத்துக் காணிக்காரன்கிட்டக் கொஞ்சம் தள்ளியே நில்லு. கரையோரமா மணல் நடந்துக்கிட்டே இருக்கு. அதை ஒரு இடத்துல மறிச்சா அடுத்த இடம் பட்டினி. ஒலுவில்ல 2013ல துறைமுகம் திறந்தாங்க. தெற்குப் பக்கம் மணல் குவிஞ்சுது, வாய் அடைச்சுது, படகு போக வழியில்லாமப் போச்சு. வடக்குப் பக்கம் தென்னந்தோப்பைக் கடல் தின்னுச்சு. மெட்ராஸ் துறைமுகத்துக்குத் தெற்கே மெரினா அகலமானதும், வடக்கே ராயபுரம் கரை தேஞ்சதும் அதே கணக்குத்தான்.

உன் ஊருக்கு அந்த மணல் எங்கருந்து வருது? ஆத்துல இருந்து. மகா ஓயாவுல வீடு கட்ட மணல் அள்ளி அள்ளித்தான் மாரவிலக் கரை இளைச்சுப் போச்சு. இங்க கெசல்கமு ஓயாவையும் மஸ்கெலியா ஓயாவையும் காசல்ரீயிலயும் மவுசாக்கலையிலயும் மறிச்சு வச்சிருக்கோம். அந்த ரெண்டு ஓயாவும் சேர்ந்துதான் களனி கங்கை. கடலுக்குப் போற மண்ணுல பங்கை நாமளே அணையில பூட்டி வச்சுட்டு, கடல் கரையைத் திங்குதுன்னு கடல்மேல கேஸ் போடுறோம்.

கேஸ்னதும் ஞாபகம் வருது. 1981ஆம் வருஷத்துக் கரையோரம் பேணல் சட்டம்னு ஒண்ணு இருக்கு. நிறைநீர்க் கோட்டுல இருந்து தரைப்பக்கம் 300 மீட்டர், தாழ்நீர்க் கோட்டுல இருந்து கடல்பக்கம் 2 கிலோமீட்டர், அதுக்குள்ள எதைக் கட்டுறதுன்னாலும் கரையோரம் பேணல் திணைக்களத்துல பெர்மிட் எடுக்கணும். காணி வித்தவன் இதையும் சொல்லிக் குடுத்திருப்பானே? சொல்லலையா? அப்ப அவன் விவரமானவன், அவனையே மேசனா வச்சுக்க.

என்னைக் கேட்டா வீட்டைப் பின்னால தள்ளிக் கட்டு. முன்னால மணலும் அடம்பன் கொடியும் கிடந்துட்டுப் போகட்டும். இல்ல, சுவர்தான் வேணும்னா பெர்மிட் வந்த கையோட ஒரு போன் போடு, கல்லு அடுக்க நானே வாறேன். கூலியை மட்டும் தோட்டத்துக் கணக்குல போட்டுடாத.