ஒருகொடவத்தையில் பிராணாயாமம்

மூச்சுப் பயிற்சி சொல்லித் தருகிறவர்கள் எல்லோருக்கும் ஒரு பொதுக்குணம் உண்டு. அவர்கள் ஒருகொடவத்தைக்கு வந்ததில்லை. வந்திருந்தால், "நல்லா ஆழமா, நெஞ்சு நிறைய இழுங்கோ" என்று இவ்வளவு தைரியமாகச் சொல்லமாட்டார்கள்.

கொழும்பை அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. பேஸ்லைன் வீதி களனிப் பாலத்தை நோக்கி ஓடுகையில் அவிசாவளை வீதி பிரிகிற சந்திதான் ஒருகொடவத்தை. துறைமுகத்தில் இறங்கிய நாற்பதடிக் கொள்கலன்கள் சுங்கக்காரருக்கு வயிற்றைத் திறந்து காட்டுவதற்கு இங்கேதான் வரும். கொலன்னாவை எண்ணெய்க் குதங்களுக்குப் போய்வரும் பவுசர்களும் பக்கத்தில்தான் உறுமிக்கொண்டு நிற்கும். 2021 நவம்பரில் களனி ஆற்றுக்குப் புதிய பாலம் திறந்தார்கள், நல்ல பாலம். அதில் ஏறும்வரைதான் கஷ்டம்.

எனக்கு வெள்ளவத்தையில் படுக்கை, ஒருகொடவத்தையில் பிழைப்பு. கப்பலில் வந்த சாமானைக் கிளியர் பண்ணிக் கொடுக்கும் வேலை. ஒரு கையெழுத்துக்காகக் காலையில் போய் நின்றால், அந்தக் கையெழுத்துக்குரியவர் தேநீர் குடித்து முடிப்பதற்குள் நமக்கு பிரஷர் ஏறிவிடும். எனக்கும் ஏறியது. டொக்டர் குளிசை எழுதிவிட்டு, "கொஞ்சம் மூச்சையும் கவனியுங்கோ" என்றார். அந்த 'கொஞ்சம்' என்ற சொல்லை வீட்டில் யாரும் காதில் வாங்கவில்லை. மகள் போனில் ஒரு செயலியை இறக்கித் தந்தாள்.

செயலிக்குள் இருந்த பெண்குரல், அமைதியான கடற்கரையில் இருப்பதாகக் கற்பனை செய்யச் சொன்னது. எனக்குக் கற்பனை எதற்கு? வெள்ளவத்தையில் வீட்டைவிட்டு இறங்கினால் கடல். ஆனால் எங்கள் கடலுக்கும் கரைக்கும் நடுவே ரெயில் ஓடுகிறது. கண்ணை மூடி அலையோசையில் லயிக்கும் நேரம் பார்த்து, பாணந்துறைப் பக்கமிருந்து வரும் வண்டி காதுக்குள் ஹோர்ன் அடிக்கும். இடது மூக்கால் இழுத்தது இரண்டு மூக்காலும் வாயாலும் ஒரேயடியாக வெளியேறும். சரி, சோலி நடக்கிற இடத்திலேயே செய்வோம் என்று ஒருகொடவத்தைக்குப் போனேன்.

அங்கேதான் சிக்கல். இழுப்பதற்கு அங்கே என்ன இருக்கிறது? டீசல் புகை, சீமெந்துத் தூசு, தேய்ந்த பிரேக்கின் வாசம். மார்கழி பிறந்தால் இந்தியப் பக்கத்துத் தூசும் வடகீழ்க் காற்றில் விசா இல்லாமல் வந்துவிடும். 2022 டிசம்பர் 9ஆம் திகதி காற்றின் தரம் கெட்டுப்போய் நாடு முழுவதும் பள்ளிக்கூடங்களையே மூடினார்கள். பிள்ளைகள் மூச்சு விடுவதற்குக்கூட வெளியே வரவேண்டாம் என்கிற காற்றில், ஐம்பதைக் கடந்த ஒரு மனிதன் ஆழ இழுத்துச் சாந்தி தேடுவது நியாயமா?

இந்த இடத்தில்தான் திருமூலர் கைகொடுத்தார். திருமந்திரத்தில் அவர் சொல்லும் கணக்கு: உள்ளே இழுப்பது 16 மாத்திரை, அடக்கி வைக்கும் கும்பகம் 64, வெளியே விடும் ரேசகம் 32. நன்றாகப் பாருங்கள். இழுப்பதைப்போல் இரண்டு மடங்கு விடுவதற்கு. தூசு மண்டிய சந்தியில் பிழைக்கிறவனுக்கென்றே எழுதியது மாதிரி இல்லையா? மருத்துவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். மூச்சை உள்ளே எடுக்கும்போது இதயம் சற்று விரைகிறது, விடும்போது தணிகிறது. மெல்ல, நீளமாக விட்டால் மூளையிலிருந்து வயிறுவரை இறங்கும் வேகஸ் நரம்பு வேலைக்கு வந்து, படபடப்பை அடக்குகிறது. ஆக, உள்ளே இழுப்பதில் நான் கஞ்சனாக இருக்கலாம். வெளியே விடுவதில்தான் வள்ளலாக இருக்கவேண்டும்.

நடுவில் உள்ள 64 என்னவாயிற்று என்று கேட்பீர்கள். பிரஷர்காரருக்கு நீண்ட கும்பகம் ஆகாது என்பார்கள், நான் விட்டுவிட்டேன். தவிர, கொழும்புத் தமிழருக்குக் கும்பகம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. போர் நடந்துகொண்டிருந்த 1995 ஒக்டோபரில் கொலன்னாவையிலும் ஒருகொடவத்தையிலும் எண்ணெய்க் குதங்கள் தாக்கப்பட்டு எரிந்தன. அதற்குப் பிந்திய காலத்தில், சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டிவிட்டு, சிப்பாய் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து முடிக்கும்வரை பஸ்ஸில் இருந்த தமிழ்ச்சனம் முழுவதும் செய்தது அதுதான். 64 என்ன, அதைப்போல் மூன்று மடங்கு தாக்குப்பிடித்தவர்களும் உண்டு. அட்டை கைக்குத் திரும்பியதும் வரும் ரேசகம் இருக்கிறதே, அதைத் திருமூலரே மெச்சியிருப்பார்.

கொட்டாஞ்சேனையில் இருக்கும் என் நண்பர் கத்தோலிக்கர். திருமூலர் புராணத்தை அவரிடம் எடுத்துவிட்டேன். "எங்கட ஆச்சிமார் செபமாலை சொல்லிச் சொல்லியே இதைத்தானே செய்தவை" என்றார். விளையாட்டுக்குச் சொன்னார், ஆனால் உண்மை. இத்தாலியில் பெர்னார்டி என்ற மருத்துவரும் கூட்டாளிகளும் 23 பேரை வைத்துச் சோதித்து, 2001இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் எழுதியிருக்கிறார்கள். லத்தீனில் செபமாலை சொன்னாலும், திபெத்தியரின் 'ஓம் மணி பத்மே ஹூம்' சொன்னாலும் மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ 6 என்று நிதானப்பட்டதாம். சாதாரணமாக வளர்ந்த ஒருவர் 12 முதல் 20 தடவை மூச்சு விடுவார். புனித லூசியாள் பேராலயத்தின் நிழலில் முழங்காலிட்ட ஆச்சிமாருக்கு வேகஸ் நரம்பு தெரியாது. மாதா தெரியும், அது போதுமாக இருந்திருக்கிறது.

இப்போது கையெழுத்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் பயிற்சி. மூக்கால் சிக்கனமாக இழுத்து, வயிறு உள்ளே போகும்வரை மெல்ல விடுவேன். முதலில் கண்டுபிடித்தது என் தோள்களை. இத்தனை வருடமாக அவை காதுக்குப் பக்கத்தில் வாடகையில்லாமல் குடியிருந்திருக்கின்றன. பிறகு பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும் தாடை, ஃபைலைக் கழுத்தை நெரிப்பதுபோல் பிடித்திருக்கும் விரல்கள். இவற்றையெல்லாம் ஒவ்வொன்றாகத் தளர்த்திக்கொண்டு கண்மூடி நின்ற ஒருநாள், லொறிச் சாரதி தோளைத் தட்டி, "மாத்தயா, நித்திரையா?" என்றான் அரைத் தமிழில். விளக்கினேன். கவனமாகக் கேட்டான். "அப்ப ஹோர்ன் அடிக்காம இருந்தா போதும்தானே?" என்றான். அவன் சொன்னதில் பிழை பிடிக்க முடியவில்லை.

வீட்டில் வேறு அபிப்பிராயம். "என்னப்பா, நான் ஏதும் கேக்கத் தொடங்கினா உடன கண்ணை மூடிக்கொண்டு மூச்சு விடுறியள். டொக்டர் சொன்னவர் எண்டு தப்பப் பாக்கிறியள்" என்கிறாள் மனைவி. அவள் சொல்வது மருத்துவரீதியில் சரியல்ல, மற்றபடி சரி.

மூச்சு நீளமானதால் கையெழுத்து சீக்கிரம் வந்துவிடவில்லை. தேநீர் குடிக்கிறவர் இன்னும் குடித்துக்கொண்டுதான் இருக்கிறார். நான் அவரைப் பார்க்கிற பார்வைதான் கொஞ்சம் மாறியிருக்கிறது. முன்பு அவர் குடிக்கும் மிடறுகளை எண்ணினேன், இப்போது என் மூச்சை எண்ணுகிறேன்.

நீங்களும் தொடங்குவதானால் இரண்டு விஷயம் சொல்லி வைக்கிறேன். வேகவேகமாக இழுத்து விடாதீர்கள். தலை சுற்றும், விரல் விறைக்கும். மூச்சு கைவந்துவிட்டது என்று பிரஷர் குளிசையை நிறுத்தாதீர்கள். ஒருகொடவத்தைச் சந்தியைக் கடக்கும்போது மட்டும், தயவுசெய்து, பஸ் கண்ணாடியைச் சாத்திவிட்டுச் செய்யுங்கள்.