திரிந்த பாலும் கல்யாணப் பந்தியும்

மாட்டுங்கா, மும்பை.

அன்புள்ள அத்தைக்கு,

லெச்சுமி கன்னு போட்டது கேட்டு சந்தோஷம். சீம்பால் எனக்கு இல்லாமப் போச்சேன்னு வருத்தப்படாதீங்க. இங்க அதுக்குக் கர்வஸ்னு பேரு. இனிப்புப் போட்டு அவிச்சு, துண்டு போட்டு விக்கிறாங்க.

சொல்ல வந்தது வேற. பால் திரிஞ்சா அன்னைக்கு முழுக்க நீங்க யாரோடயும் முகம் கொடுத்துப் பேச மாட்டீங்களே, இங்க பார்சிக்காரங்க வேணும்னே திரிய வச்சுக் கல்யாணப் பந்தியில பரிமாறுறாங்க!

ஃபைவ் கார்டன்ஸ் பூங்காப் பக்கம் நடந்தா தாதர் பார்சி காலனி. மஞ்செர்ஜி ஜோஷிங்கிறவர் 1920-கள்ல திட்டம் போட்டு உருவாக்கினது. தெருவெல்லாம் மர நிழல். அங்க ஒரு ஆன்ட்டியோட பேரனுக்குக் கணக்கு சொல்லிக் கொடுக்கேன். போன சனிக்கிழமை ஒரு கிண்ணத்தை நீட்டினாங்க. இட்லி மாதிரி வெள்ளையா, தண்ணியில மிதக்குது. மேலெல்லாம் கூடைப் பின்னல் அச்சு.

டோப்லி நு பனீராம். டோப்லின்னா கூடை. பார்சிக்காரங்களோட சூரத்துல இருந்து வந்த பண்டம். கடைப் பனீரைப் பாரம் வச்சு நசுக்கிருவாங்க, பல்லுல பட்டா கீச்சுங்கும். இதை யாரும் நசுக்குறதில்ல. இளஞ்சூட்டுப் பால்ல உறை விட்டு, அசையாம இறுகினதும் அலுங்காம அள்ளிக் குட்டிக் கூடையில விடணும். வடிஞ்ச தண்ணியிலயே உப்புப் போட்டு ஊற வைக்கணும். வாயில வச்சா நுங்கு கணக்கா வழுக்கிட்டு ஓடுது. எருமைப்பால் மலிஞ்ச ஊர்ல, பசும்பால்தான் வேணும்னு ஆன்ட்டி பால்காரர்கிட்ட மல்லுக்கு நிக்கிறதைப் பார்த்தா உங்க ஞாபகந்தான்.

மூணு தின்னுட்டேன். நாலாவதை எடுக்கும்போதா வாய் சும்மா இருக்கணும்? "உறைக்கு மோரா, எலுமிச்சையா?"ன்னு கேட்டுத் தொலைச்சேன். ஆன்ட்டி ஒரு டப்பாவைத் திறந்து காட்டினாங்க. பழுப்பா, உடைஞ்ச அப்பளம் மாதிரி காய்ஞ்ச தோலு. கோழி இரைப்பையோட உள்தோலாம், அத்தை! அவங்க பாட்டி காலத்து முறை. சீமையில சீஸுக்குக் கன்னுக்குட்டி இரைப்பையில இருந்தே உறை எடுக்காங்க, இது எவ்வளவோ தேவலைன்னு ஆறுதல் வேற. லெச்சுமி கன்னை நினைச்சுக்கிட்டேன்.

அடுத்த வாரம் எனக்காகக் கடையில விக்கிற சைவ உறையில செய்றாங்களாம். முட்டைன்னு காதுல விழுந்தாலே வாய் கொப்புளிக்கிற மாமாவுக்கு இந்தக் கடிதத்தை வாசிச்சுக் காட்ட வேண்டாம். ஆஸ்திக சமாஜம் கோயிலுக்குப் போய், தெரியாம மூணு தின்னுட்டேன்னு சாமிகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டேன். நாலாவதைப் பத்திப் பேச்சே எடுக்கல.

உங்கள் மருமகன்